கழுநீர்த் தொட்டிக்குப் போகாத தண்ணீர்

கொழும்பிலிருந்து பார்சல் வந்து எட்டு நாளாயிற்று. அந்த எட்டு நாளும் அது பாளையங்கோட்டையில், தேவசிகாமணி வீட்டு முன்கூடத்தில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் நின்றுகொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே இருந்தது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. நீலக் காகிதத்தில் சுற்றிய இரண்டு பொட்டலம். ஒவ்வொன்றிலும் முழ நீளத்துக்குக் கோதுமை மாவில் இழுத்துக் காயவைத்த நூல். கூடவே, கறுப்பு மெழுகு பூசிய ஒரு பால்கட்டி. அம்மிக் குழவிக்குத் தம்பி என்று சொல்லலாம், அவ்வளவு கடினம்.

இது இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் பட்டணத்துச் சாப்பாடு. தேவசிகாமணி அங்கே போனவர். ஓய்வு பெற்றுச் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் பெரிய ஐயருக்குத் துணையாக லண்டன் வரை கப்பலில் போய்விட்டு, ஒண்டியாகத் திரும்பி வருகையில், கப்பலின் கொதிகலன் கெட்டு நேப்பிள்ஸில் நாலு நாள் கிடந்தார். ஐரோப்பாவில் அவர் இருந்தது மொத்தம் ஏழு மாதம். அதைப் பற்றிப் பேசத் தொடங்கிப் பதினாலு மாதம் ஆகிறது. சட்டைப்பைக் கடிகாரம் சூயஸ் தாண்டும்போதே நின்றுவிட்டது. சங்கிலிக்கு மட்டும் இன்னும் வேலை இருந்தது.

பார்சலை அனுப்பியது அவருடைய தம்பி கிருபைராஜ். கொழும்பில் ஒரு தேயிலைக் கிட்டங்கியில் கிளார்க். அவன் மனைவி சாலோமி இங்கே, அண்ணன் வீட்டில், சமையல் அறையில். பார்சலோடு தனக்கு ஒரு கடிதம் வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. "அவனுக்கு அங்க வேலை நெருக்கடி" என்றார் தேவசிகாமணி. அதற்குமேல் கேட்பதற்கில்லை.

பெண்கள் போர்டிங் பள்ளியில் உபாத்தியாயினி வேலை ஒன்று காலியாக இருந்தது. பள்ளியை நடத்துகிற வெள்ளைக்கார அம்மையார், ஹார்க்கர் மிஸ்ஸியம்மாள், சாலோமியைக் கூப்பிட்டு, வேலை உனக்குத்தான் என்று சொல்லி, ஒரு தாளும் கொடுத்திருந்தார். வீட்டுப் பெரியவர் தம் கைப்படச் சம்மதம் எழுதித் தரவேண்டும். வேறொருவர் எழுதி இவர் கையெழுத்துப் போட்டால் செல்லாது. மிஸ்ஸியம்மாள் இன்று சாயங்கால ரயிலில் கோடைக்கானலுக்குப் புறப்படுகிறார். தாள் கைக்கு வராவிட்டால் நாசரேத்துப் பெண் ஒருத்திக்கு வேலை போய்விடும்.

அந்தத் தாள் இரண்டு வாரமாகத் தேவசிகாமணியின் மைக்கூட்டுக்கு அடியில் இருந்தது. கேட்கும்போதெல்லாம் "பாப்போம்" என்றார்.

அந்த மிஸ்ஸியம்மாளைத்தான் அவர் இன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். திருச்சபைச் சங்கத்துக்கு அடுத்த மாதம் காரியதரிசி தேர்தல். நேப்பிள்ஸ் சாப்பாட்டுக்கும் காரியதரிசி வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குத் தேவசிகாமணியைத் தெரியாது.

*

காலை ஒன்பது மணிக்கு ஒத்திகை.

பங்குனி வெயிலில், சமையலறை வாசலில், தேவசிகாமணி கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். கையில் பிரயாணக் குறிப்பு நோட்டு. வெண்கலப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"நூலை உடைச்சுப் போடணுமா அத்தான், முழுசாவா?" என்று சாலோமி கேட்டாள்.

"பொறு." அவர் பக்கம் புரட்டினார். "'நான்காம் தேதி. கடற்கரை. ஒருவன் பிடில் வாசித்தான். அடுத்த மேஜையில் ஒரு பிரபு. மீசை உண்டு.'"

"மீசை இருக்கட்டும். நூலு?"

"உடைக்கக் கூடாது. ஐரோப்பாவில எதையும் உடைக்க மாட்டாங்க."

மூலையில், இடுப்பில் பெட்டிச் சாவிக்கொத்தோடு, மணை போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த சாரம்மாள், அவருடைய சம்சாரம், ஒரு செருமல் செருமினாள். அவள் கேள்விகள் எல்லாம் செருமலில்தான் தொடங்கும்.

"ஏட்டி சாலோமி, ஒரு சேவை அவிக்கக்கூட ஆம்பளை வந்து நின்னு சொல்லித் தரணுமோ? எட்டாங்கிளாஸ்ல இதெல்லாம் படிப்பிக்கலியா?"

"படிப்பிச்சாவ அக்கா. சும்மா உக்காந்திருக்கதுக்குத்தான் தனியாப் பள்ளிக்கூடம் கிடையாது."

விசிறி நின்றது.

நூல் வெந்தது. வீட்டில் சோறு வடிக்கிற பழக்கம்தான். சாலோமி வடிதட்டைப் போட்டுப் பானையைச் சாய்த்தாள். ஒரு சொட்டு இல்லாமல் வடித்தாள். வீட்டு வேலைக்கு வருகிற உலகம்மாள் வடித்த கஞ்சியை எடுத்துக்கொண்டு, எப்போதும் போலக் கொல்லையில் மாட்டுத் தொட்டிக்குப் போனாள்.

"இப்ப பால்கட்டி" என்றார் தேவசிகாமணி. அதை உலகம்மாள் விடியற்காலையிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு தேங்காய்த் துருவியில் துருவி வைத்திருந்தாள். "பிறகு மிளகு. நல்லாத் தீயைக் கூட்டு. சூட்டுலதான் உருகும்."

"பாலு சம்பந்தப்பட்டதை இவ்வளவு தீயில வைக்கலாமா அத்தான்?"

"நேப்பிள்ஸுக்கு நீ போனியா, நான் போனேனா?"

சாலோமி தீயைக் கூட்டினாள்.

தபாலாபீஸ் பசைச் சட்டிக்குள் ஒரு பிடி தேங்காய் நார் விழுந்துவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி வந்தது. பால்கட்டி உருகி, சுருங்கி, ஓர் உருண்டையாகி, நூலை எல்லாம் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டது. கரண்டியைத் தூக்கினால் மொத்தமும் கூடவே எழுந்தது. மிளகு மட்டும் யாருடனும் சேராமல் அடியில் கருகியது.

தேவசிகாமணி சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு, தப்பு யாருடையது என்று முடிவு செய்தார். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"கையில பக்குவம் இல்லை" என்றார். "இந்தக் கைதான் நாப்பது பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கப் போகுதாம்."

"நான் அன்னிக்கே சொன்னேன்லா" என்றாள் சாரம்மாள். "வெளியில போவணும்னு நெனப்பு இருக்கவளுக்கு அடுப்புல எப்படி மனசு நிக்கும்? இவ பள்ளிக்கூடம் போயிட்டா இந்த அடுப்புல யாரு கிடந்து வேவுதது?"

"அதைச் சொல்லுங்க அக்கா. அது ஒண்ணுதான் இன்னிக்குக் காலையில இங்கன பேசின நெசம்."

தேவசிகாமணி முன்கூடத்துக்குப் போய், மைக்கூட்டுக்கு அடியிலிருந்த தாளை எடுத்து வந்து, அவள் பார்க்க நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"இன்னும் ஒரு பொட்டலம் இருக்கு. பாதிப் பால்கட்டியும் இருக்கு. மிஸ்ஸியம்மா திருப்தியாச் சாப்பிட்டா, பாப்போம். இல்லைன்னா இது அடுப்புக்குத்தான்."

"ஒண்ணு கேக்கட்டுமா அத்தான்? நேப்பிள்ஸ்ல நீங்க இதைச் சாப்பிட்டீங்களா, இல்ல அந்தப் பிரபு சாப்பிட்டதைப் பாத்துட்டு வந்தீங்களா?"

அவர் நோட்டைப் படாரென்று மூடினார். வில்வண்டி கட்டச் சொல்லிவிட்டு மிஸ்ஸியம்மாளை அழைத்துவரப் போனார். அவர் நடந்த வேகத்தைப் பார்த்தால், கேள்வி குறி தப்பவில்லை என்று தோன்றியது.

*

சாலோமி கரண்டியை டங்கென்று கீழே போட்டாள். கோபத்தில்தான். அழுகையாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள், இல்லை. உருண்டையைச் சுரண்டி எறிந்துவிட்டு, சட்டியைக் கொல்லைப் பக்கம் வைத்தாள்.

பதினொரு மணி சுமாருக்கு உலகம்மாள் கூப்பிட்டாள்.

"சின்னம்மா, பைய இங்கன வந்து பாருங்க. இந்தச் சனியன் சட்டியில ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு. தொட்டியில ஊத்தினது போக மிச்சக் கஞ்சி ஒரு செம்பு கிடந்துச்சு, அதைச் சுட வச்சு ஊத்தி ஊறப்போட்டேன். பாருங்க, என்ன மாதிரி ஆயிட்டுன்னு."

சட்டியில் ஒட்டியிருந்ததெல்லாம் விட்டுவிட்டது. ஆனால் தண்ணீராகவும் இல்லை. வெள்ளையாய், வழவழவென்று, ஏடு படிந்த பால் மாதிரி சட்டி முழுக்கப் பரவியிருந்தது. சாலோமி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பும் புளிப்பும் மிளகும். கட்டி ஒன்றுகூட இல்லை.

"அடுப்புல வச்சா இதை ஊத்தினே?"

"இல்லம்மா. இறக்கித்தான் வச்சிருந்தேன்."

சாலோமி அங்கேயே குந்தி உட்கார்ந்தாள். மோர்க்குழம்பு வைக்கிற எவளும் மோரை ஊற்றினபிறகு கொதிக்க விடமாட்டாள், திரிந்துபோகும். இறக்கி வைத்து, பைய, கலக்கிக்கொண்டே ஊற்றுவாள். இந்த வீட்டில் வாரம் இரண்டு தரம் அவள் செய்கிற வேலை. அதை விட்டுவிட்டு, பிரபுவின் மீசையைக் கேட்டுக்கொண்டு தீயைக் கூட்டினாளே. அவர்மேல் இருந்த கோபத்தில் ஒரு பங்கை அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

முதலில் ஒரே ஒரு பிடி நூலை வேகவைத்துப் பார்த்தாள். கஞ்சியைத் தனியே பிடித்துக்கொண்டாள். துருவின பால்கட்டியில் ஆறின கஞ்சி ஒரு கரண்டி விட்டுச் சந்தனம் போலக் குழைத்தாள். பாபநாசத்து மலை மிளகை வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, அம்மியில் ஒன்றிரண்டாக நுணுக்கினாள். சட்டியை இறக்கி வைத்து எல்லாவற்றையும் சேர்த்துக் கிளறினாள்.

வந்தது. நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாய், மினுமினுவென்று. உலகம்மாளுக்குக் கொஞ்சம் கொடுத்தாள்.

"நாத்தம் தெரியல சின்னம்மா. நல்லாத்தான் இருக்கு. ஆனா சீக்கிரம் தின்னுரணும் போல, இந்தா, அடியில கிடக்கது அதுக்குள்ள இறுகிட்டு."

அதுவும் உண்மை. கிளறி முடித்துப் பத்து நிமிஷம் போனால் மறுபடியும் தபாலாபீஸ் பசைதான்.

சாலோமி அதை மனசில் குறித்துக்கொண்டாள். நோட்டு வேண்டியிருக்கவில்லை.

*

இரண்டாம் பொட்டலம் வெந்து, பானையைச் சாய்த்துச் சுத்தமான செம்பில் கஞ்சியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது சாரம்மாள் வந்தாள்.

"அதை எதுக்கு நல்ல செம்புல பிடிக்குதே?"

"இதுல கலக்கணும் அக்கா."

"கஞ்சித் தண்ணியையா? மாட்டுக்கு ஊத்துததை மிஸ்ஸியம்மாவுக்கா? நாளைக்கு ஊரு என்ன பேசும், என் வீட்டுல வெள்ளைக்காரிக்குக் கழுநீர் குடுத்தாவன்னா?" சாரம்மாள் குனிந்து செம்பை எடுக்கக் கை நீட்டினாள். "உலகு, இதைக் கொண்டு தொட்டியில ஊத்து."

உலகம்மாள் அசையவில்லை. சாலோமி பானையை நிமிர்த்தாமல், சாய்த்தபடியே பிடித்திருந்தாள். கொதிக்கிற கஞ்சி சாரம்மாளின் வளையலுக்கு நாலு விரல் தள்ளி விழுந்துகொண்டிருந்தது.

"கையை எடுங்க அக்கா. சுடும்."

சாரம்மாள் எடுத்தாள். "அவிய வரட்டும். சொல்லுதேன்."

"சொல்லுங்க. அவியளும் வந்துட்டாவ."

வெளியே மாட்டுச் சலங்கை நின்றது.

முன்கூடத்தில் மிஸ்ஸியம்மாள் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. பார்சல் இருந்த நாற்காலியில்தான் உட்கார வைத்தார்கள். தேவசிகாமணியின் குரல் உயர்ந்தது. ஐரோப்பாவில் ஸ்திரீகள் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்பதை அவர் விளக்கிக்கொண்டிருந்தார். ஸ்திரீகளுக்குக் கல்வியும் உத்தியோகமும் கொடுக்காத ஜாதி உருப்படாது என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்திரீ அதைக் கேட்டுக்கொண்டே பால்கட்டியைக் குழைத்தாள்.

ஜெபம் முடிந்ததும் அவர் உள்ளே வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஆச்சா?"

"ஆச்சு."

அவர் எட்டிப் பார்த்தார். சட்டியில் எல்லாம் மினுமினுத்தது. வாசம் எழுந்தது. ஒரு கணம் அவர் முகத்தில் நிஜமாகவே நேப்பிள்ஸ் வந்து போனது.

"எடுத்துட்டு வா."

"தாளு?"

"சாப்பாடு முடியட்டும். பாப்போம்."

"நீங்க ரெண்டு வாரமாப் பாத்தாச்சு அத்தான். இது இன்னும் பத்து நிமிஷம் இப்படி இருக்கும். அப்புறம் காலையில பாத்தீங்கள்லா, அதே உருண்டைதான். எழுதிக் குடுத்தா இப்ப வருது. இல்லைன்னா உருண்டையை நீங்களே எடுத்துட்டுப் போய், நேப்பிள்ஸ்ல இப்படித்தான்னு சொல்லுங்க."

"யாரு வீட்டுல நின்னுக்கிட்டுப் பேசுதேன்னு தெரியுதா?"

"தெரியுது. அடுப்பு மட்டும்தான் என் பக்கம் இருக்கு. அதனால அதை வச்சுப் பேசுதேன்."

"நான் சொன்னா நாளைக்கே உன் துணிமணியை எடுத்து வெளிய வச்சிருவேன்."

"நாளைக்குத்தான? இப்ப எட்டு நிமிஷம் இருக்கு."

கூடத்திலிருந்து மிஸ்ஸியம்மாளின் குரல் வந்தது. இருபது வருஷமாகத் தமிழ் பேசியும் அவருடைய தமிழ் பிரசங்க பீடத்தை விட்டு இறங்கியதே இல்லை. "சகோதரரே, மிகவும் நல்ல வாசனை எங்கள் பக்கமாய் வருகிறதே."

தேவசிகாமணியின் கழுத்தில் வேர்வை கோட்டுக்குள் இறங்கியது. சாலோமியை முறைத்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, சட்டென்று சிரித்தார். கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்தார். அரிசிப் பெட்டி மூடியின்மேல் விரித்து, தம் பேனாவாலேயே எழுதினார்: 'என் தம்பி மனைவி சாலோமி உபாத்தியாயினி வேலை பார்க்க எனக்குப் பூரண சம்மதம்.'

அழகான கையெழுத்து. ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்துக்கும் கப்பல் புகை மாதிரி ஒரு சுருள். கீழே தன் பெயருக்கு மூன்று சுருள்.

"இந்தா. வச்சுக்கோ. நல்லா வச்சுக்கோ" என்றார், அதே சிரிப்போடு.

அந்தச் சிரிப்பு சாலோமிக்குப் பிடிக்கவில்லை. தோற்றவன் அப்படிச் சிரிக்கமாட்டான். ஆனால் நின்று யோசிக்க நேரமில்லை. தாளை இடுப்பில் செருகிக்கொண்டு, கடைசியாக ஒரு கரண்டி கஞ்சி விட்டுக் கிளறி, தட்டுகளில் போட்டாள்.

*

மிஸ்ஸியம்மாள் முள்கரண்டியில் சுற்றி ஒரு வாய் வைத்தார். இன்னொன்று வைத்தார். தட்டில் பாதி போனபிறகுதான் நிமிர்ந்தார்.

"சகோதரரே, இதை எவ்விதமாய்ச் செய்வித்தீர்கள்?"

தேவசிகாமணி நாப்கினால் மீசையைத் துடைத்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் பதினாலு மாதம் காத்திருந்தார். தம் தட்டில் முள்கரண்டியைக் குத்தி வைத்ததோடு சரி, இன்னும் ஒரு வாய்கூட வைக்கவில்லை.

"நேப்பிள்ஸில் நான் நேரில் கண்ட முறை. தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும். அதுதான் ரகசியம். பிறகு பால்கட்டியைப் போட்டு, நல்ல கடும் தீயில்..."

"கடும் தீயிலா?"

"கடும் தீயில். பெண்கள் பயப்படுவார்கள். நான் பக்கத்தில் நின்று செய்வித்தேன்."

மிஸ்ஸியம்மாள் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நான் சிறுபிராயத்தில் என் தகப்பனாரோடு ரோமாபுரியில் இரண்டு வருஷம் குடியிருந்தேன். நீங்கள் சொல்லுகிறபடி செய்தால் அது கல்லாய்ப் போகும். எங்கள் சமையற்காரி அந்தத் தண்ணீரை ஒருவரும் கொட்டாதபடி காவல் காப்பாள். இதைச் செய்தவளுக்கு அது தெரிந்திருக்கிறது." அவர் உள்பக்கம் திரும்பினார். "சாலோமி, இங்கே வா."

சாலோமி வந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சாரம்மாளும் வந்து நின்றாள்.

"தண்ணீரை நீ வைத்துக்கொண்டாயா?"

"வைத்துக்கொண்டேன் அம்மா. கொஞ்சம் சண்டை போட்டுத்தான் வைக்க வேண்டியிருந்தது." இடுப்பிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "இதையும்."

மிஸ்ஸியம்மாள் வாங்கிப் படித்தார். சந்தோஷப்படுவார் என்று சாலோமி எதிர்பார்த்தாள். ஆனால் அவர் முகம் வாடியது.

"பிள்ளையே, இது போதாதே. பெரியவரின் சம்மதம் வந்தாலும், உன் புருஷன் வேண்டாமென்று எழுதியிருக்கிறாரே. நான் அதை மீறலாமா?"

"யாரு எழுதினா?"

"உன் புருஷன். பார்சலோடு கடிதம் வந்ததென்று உன் அத்தான் போன வாரம் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். உன்னிடம் சொல்லி நோகப்பண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்."

அவர் கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

தேவசிகாமணி எழுந்தார். "தட்டு ஆறுது மிஸ்ஸியம்மா. முதல்ல சாப்பிட்டிருங்க. மத்தது எல்லாம் பிறகு பேசிக்கிடலாம்." ஐரோப்பா இல்லாமல் மிஸ்ஸியம்மாளிடம் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சாலோமி கடிதத்தை வாங்கிக்கொண்டாள். 'என் மனைவி உத்தியோகம் பார்க்க எனக்குச் சம்மதம் இல்லை.' கீழே கிருபைராஜ் என்று பெயர். அவன்தான் இப்படி எழுதிவிட்டான் என்று ஒரு நொடி நம்பிவிட்டாள். மறு நொடி, கடைசி எழுத்துகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சுருள். கப்பல் புகை.

கிருபைராஜின் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். கொழும்பிலிருந்து வந்த ஆறு கடிதத்தையும் அவள் எழுத்துக்கூட்டித்தான் படித்திருக்கிறாள். தேவசிகாமணி நினைத்திருந்தால் அதைப் போலக் கிறுக்கியிருக்கலாம். ஆனால் அவ்வளவு அழகான கையெழுத்தைக் கெடுத்து எழுத அவருக்கு மனசு வரவில்லை.

சாலோமி மேஜையில் தட்டை நகர்த்தி இடம் செய்தாள். கடிதத்தை வைத்தாள். அதன் பக்கத்தில், சற்றுமுன் எழுதிய சம்மதத்தை வைத்தாள்.

மிஸ்ஸியம்மாள் மூக்குக் கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, இந்தத் தாளுக்கும் அந்தத் தாளுக்குமாகப் பார்த்தார். தேவசிகாமணி உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. அவர் தட்டில் நூல் இறுகி, அதில் குத்தியிருந்த முள்கரண்டி செங்குத்தாக நின்றது.

"சகோதரரே," என்றார் மிஸ்ஸியம்மாள், மெதுவாக, "உங்கள் தம்பி கொழும்பில் இருக்கிறாரா? அல்லது இந்த வீட்டிலேயே இருந்து எழுதுகிறாரா?"

தேவசிகாமணியின் விரல் கடிகாரச் சங்கிலியைத் தேடிப் போனது.

"ரயிலுக்கு எனக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது" என்று அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

சாலோமி அவரைப் பார்க்கவில்லை, அத்தானைப் பார்த்தாள். "இதை நீங்க எழுதினீங்க. சரி. அப்போ பார்சலோட எனக்கு வந்த காயிதம் எங்க அத்தான்?"

வாசல் நிலைப்பக்கம், சாரம்மாளின் இடுப்பில், பெட்டிச் சாவிக்கொத்து சலங்கென்று ஒரு சத்தம் போட்டது. அவள் கை தானாகப் போய் அதைப் பொத்தியிருந்தது.